எட்டு மார்க்கில் தவறிய பரீட்சை

ஈரோட்டில் ஒரு வீடு. ஜவுளிக் கடையில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவரின் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். இரவு எட்டு மணி. கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. யாரும் பேசவில்லை. மகள் கைபேசியைப் பார்த்தபடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சி.ஏ. கடைசிப் பரீட்சையின் முடிவு வந்துவிட்டது.

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொண்டு திரையைப் பார்க்கிறார். மூன்று தாள்கள். 44, 52, 46.

"எல்லாத்திலயும் நாப்பதுக்கு மேலதானே கண்ணு இருக்குது? அப்புறம் பெயில்னா என்ன அர்த்தம்?"

"தனித்தனியாப் பாஸுங்கப்பா. மொத்தத்துல நூத்தம்பது வேணும். எட்டு மார்க் குறையுது."

ஆயுள் முழுவதும் கூட்டல் போட்டவர் அவர். மனத்துக்குள்ளேயே ஒரு முறைக்கு இரு முறை கூட்டிப் பார்க்கிறார். 142-தான் வருகிறது. அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிடுகிறது.

இந்த வீடு கற்பனை. இந்த இரவு கற்பனையல்ல. ஆடிட்டர் படிப்புப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் இது நடக்கத்தான் செய்கிறது.

நூற்றுக்குப் பதின்மூன்று பேர்

1949-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அந்த ஆண்டு ஜூலை 1-ந் தேதி இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் கழகம் அமைந்தது. நம் ஊரில் "ஆடிட்டர்" என்று சொல்கிறோமே, அவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனம் அதுதான். முதலில் ஃபவுண்டேஷன், பிறகு இன்டர்மீடியட், அதற்குப் பின் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி, கடைசியில் ஃபைனல். பயிற்சி முன்பு மூன்று வருஷமாக இருந்தது. 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருஷமாகக் குறைந்தது. கடைசிப் பரீட்சையில் இப்போது ஆறு தாள்கள். மூன்று மூன்றாக இரண்டு குரூப்.

2024 நவம்பரில் நடந்த கடைசிப் பரீட்சையில், இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதியவர்கள் 30,763 பேர். தேறியவர்கள் 4,134 பேர். நூற்றுக்குப் பதின்மூன்று பேர் என்று கணக்கு. அதே ஆண்டு மே மாதம் கொஞ்சம் தாராளம்: நூற்றுக்கு இருபது பேர் தேறினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவறிய எண்பத்தேழு பேரும் யார்? இன்டர்மீடியட் என்ற வடிகட்டியில் ஏற்கெனவே தேறி வந்தவர்கள். அலுவலகங்களில் பேரேடுகளைப் புரட்டி, வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, சரக்கு இருப்பு எண்ணிப் பழகியவர்கள். மக்குப் பிள்ளைகள் என்று இவர்களில் ஒருவரையும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவர்கள் பலர், ஆயுளில் முதல் முறையாகத் தவறுவது இந்தப் பரீட்சையில்தான். அதனால்தான் அடி பலமாக விழுகிறது. பெற்றோருக்கும் இது பழக்கமில்லாத விஷயம். "நம் பெண்ணா!" என்று திகைக்கிறார்கள்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் ஆடிட்டரின் கையெழுத்தை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது, ஜனங்கள் பங்கு வாங்குகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் பதில். நியாயமான பதில்தான். ஆனால் 2009-ல் சத்யம் கம்பெனியின் பொய்க் கணக்கு வெளியானபோது, அந்தக் கணக்கில் கையெழுத்திட்டிருந்தவர்களும் இதே பரீட்சையில் தேறியவர்களே. பரீட்சை திறமையை அளக்கும், நாணயத்தை அளக்காது. தவறிய பிள்ளையின் வீட்டில் இதையும் நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

நாற்பதும் ஐம்பதும்

இந்தப் பரீட்சையில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 40 வாங்க வேண்டும். அது மட்டும் போதாது. குரூப்பின் மொத்தத்தில் பாதியும் வாங்க வேண்டும். ஈரோட்டுப் பெண் விழுந்தது இந்த இரண்டாவது கொக்கியில். மூன்று தாளிலும் "பாஸ்", மொத்தத்தில் "பெயில்". பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும்!

அதே விதிகளில் கைதூக்கிவிடும் விதிகளும் இருக்கின்றன. அவற்றைப் பலர் சரியாகப் பயன்படுத்திக் கொள்வதில்லை.

ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கிவிட்டு, குரூப்பில் தவறினால், அடுத்த மூன்று பரீட்சைகளுக்கு அந்தத் தாளை மீண்டும் எழுத வேண்டியதில்லை. வாங்கிய மார்க்கும் வீண் போகாது, மொத்தத்தில் சேரும். ஒருவர் 61 வாங்கியிருக்கிறார் என்றால், மீதி இரண்டு தாளில் சேர்த்து 89 வாங்கினால் போதும். மலை பாதியாகக் குறைகிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: அந்தக் குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருக்க வேண்டும். இங்கேதான் வேதனையான தவறு நடக்கிறது. முதல் தாள் கடினமாக வந்துவிடுகிறது. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் வாசலில் நான்கு பேர் கூடி நின்று விடைகளை ஒப்பிடுகிறார்கள். "போச்சு, இந்தத் தடவை அவ்வளவுதான்" என்று ஒருவன் சொல்கிறான். மறுநாள் மறுநாள் என்று மீதித் தாள்களுக்குப் போகாமல் அறையிலேயே படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிவு வரும்போது, கெட்டது என்று நினைத்த தாளில் 43 இருக்கும். எழுதாமல் விட்ட தாளில் 60 வந்திருக்கக் கூடுமா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. வாசலில் நின்று விடை ஒப்பிடுவதைப் போன்ற கெட்ட பழக்கம் பரீட்சை உலகத்தில் வேறில்லை.

ஒரு குரூப் எழுதுவதா, இரண்டும் எழுதுவதா என்பது இன்னொரு பெரிய கேள்வி. இரண்டையும் ஒரே சமயத்தில் எழுதி, எல்லாத் தாளிலும் 40-க்குக் குறையாமல் வாங்கி, ஆறு தாளும் சேர்ந்து 300-ஐத் தொட்டால் இரண்டு குரூப்பும் தேறியதாகக் கணக்கு. ஒன்றில் 142 வாங்கினாலும் மற்றதில் 165 வாங்கியிருந்தால், கூடுதல் குறைவை அடைத்துவிடும். ஈரோட்டுப் பெண் முதல் குரூப்பை மட்டும் எழுதினாள். பயத்தினால் எழுதியதல்ல, ஒன்றையாவது ஒழுங்காக முடிப்போம் என்று எழுதியது. அது தப்பு என்று இப்போது சொல்வது சுலபம். ஆறு தாளையும் அரைகுறையாகப் படித்து ஆறிலும் கோட்டை விட்டவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். தாள்களை எத்தனை முறை முழுசாகத் திருப்பிப் படிக்க அவகாசம் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். சிநேகிதன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்தல்ல.

மறுநாள் காலை

முடிவு வந்த இரவு எப்படியோ கழிந்துவிடும். அழுகை வரும், அழுதால் தூக்கம் வரும். கஷ்டமானது மறுநாள் காலைதான். பால்காரர் வருவார். அத்தை போன் செய்வார். கூடப் பயிற்சி செய்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில், தேறியவனுக்கு மாலைகளும் பூங்கொத்துகளும் படமாக வந்து குவியும். அதில் "வாழ்த்துக்கள்" என்று ஒரு வார்த்தை எழுதுவதற்குள் விரல் நடுங்கும். எழுதியும் விடுவார்கள். அந்த வார்த்தையின் விலை பெற்றுக் கொள்கிறவனுக்குத் தெரியாது.

பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொரு பேச்சும் கிளம்பும். "படிச்சது போதும், ஜாதகத்தை எடுங்க" என்று யாராவது ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் தவறியதற்குத் தண்டனையாகக் கல்யாணம் வருகிறது என்ற நினைப்பு அந்தப் பெண்ணின் மனத்தில் விழுந்துவிட்டால், புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் எழுத்துக்குப் பதிலாக அதுதான் தெரியும்.

சென்னையைச் சேர்ந்த ஆர்.சிவபோகம் அம்மையாரை இங்கே நினைத்துக் கொள்ளலாம். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். வெளியே வந்து, அந்தக் காலத்தில் ஆண்கள் மட்டுமே எழுதி வந்த கணக்கியல் பரீட்சையை எழுதி 1933-ல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவரே. 1950-களில் கழகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைமை வகித்தார். "பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு" என்ற கேள்விக்கு, தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

வீட்டில் உள்ளவர்கள் முதல் வாரத்தில் செய்யக் கூடியது அதிகம் இல்லை. செய்யாமல் இருக்கக் கூடியதுதான் அதிகம். "அவன் மகன் தேறிட்டானாம்" என்று சொல்லாமல் இருக்கலாம். செலவழித்த பணத்தைக் கணக்குச் சொல்லாமல் இருக்கலாம். "அடுத்த தடவை நிச்சயம் தேறிடுவே" என்று வாக்குக் கொடுக்காமலும் இருக்கலாம். அந்த வாக்கு ஆறுதலாகத் தெரிந்தாலும் தோளில் ஏறும் சுமைதான். சாப்பிடக் கூப்பிடலாம். கடைக்குப் போகும்போது கூட அழைத்துப் போகலாம்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. பிள்ளை பேசாமல், தூங்காமல், சாப்பிடாமல் இருப்பது நாள்கணக்கில் நீடித்தாலோ, "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தாலோ, அதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளக் கூடாது. தனியாக விடக் கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். மத்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய மனநல உதவி இது. இரவு பகல் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

சட்டம் காத்திருக்காது

மீண்டும் எழுதுகிறவருக்கு, முதல் முறை எழுதுகிறவருக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. "எல்லாம் படித்ததுதானே" என்ற மயக்கம் அது. பக்கத்தைப் புரட்டினால் எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். எழுத உட்கார்ந்தால் பாதியில் நிற்கும். தெருவில் தினமும் பார்க்கிற மனிதரின் பெயர் சமயத்துக்கு வாயில் வராதது போலத்தான்.

அது மட்டுமல்ல. சரித்திரப் பாடம் மாறாது. வரிச் சட்டம் மாறும். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் மாறும். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, கலால் வரியையும் சேவை வரியையும் தலைகீழாகப் படித்து வைத்திருந்தவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பாட்டாக மனப்பாடம் செய்திருந்த பிரிவு எண்களெல்லாம் இடம் மாறின. எந்தப் பரீட்சைக்கு எந்தச் சட்டம் என்பதைக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்து கொண்ட பிறகே பழைய நோட்டைத் தொட வேண்டும்.

கால அவகாசமும் குறைவு. பரீட்சை முடிந்து, முடிவு வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமும் "தேறிவிடுவோம், தேறமாட்டோம்" என்று ஊசலாடுவதில் போய்விடுகிறது. முடிவு வந்த பிறகு அடுத்த பரீட்சைக்கு இருக்கும் நாட்கள் சொற்பம். அவசரப்பட்டு உடனே எழுதுவதா, ஒரு பரீட்சையை விட்டு அடுத்ததை எழுதுவதா? எட்டு மார்க்கில் தவறியவருக்கும் எண்பது மார்க்கில் தவறியவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. குறை கொஞ்சமாக இருப்பவர், படித்தது மறக்கும் முன் எழுதிவிடுவது நல்லது. அஸ்திவாரமே ஆடுகிறவர் அதே பரீட்சையை அதே மாதிரி எழுதினால், அதே மார்க்தான் வரும்.

தவறியவுடன் புது வகுப்பில் சேருவது, புது நோட்டு வாங்குவது என்று ஒரு வியாதி இருக்கிறது. கோச்சிங் நடத்துகிறவர்களுக்கு இது நல்ல வியாபாரம். கழகமே வெளியிடும் மாதிரித் தாள்களும், சென்ற பரீட்சைகளின் விடைகளும் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் அநேகர். கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். ஃபைனலின் ஆறாவது தாளுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கொண்டே நாலு மணி நேரம் எழுதலாம். "அப்படியானால் சுலபம்தானே" என்று தோன்றும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும் என்பது எழுதியவர்களுக்குத்தான் தெரியும்.

எத்தனை முறை எழுதுவது?

இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். தேறும்வரை எழுதியவர்களின் கதைதான் நம் காதில் விழுகிறது. எட்டாவது முறையும் தவறி, முப்பது வயதில் வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

இன்டர்மீடியட் தேறி, பயிற்சியும் முடித்தவர் வெறுங்கையோடு நிற்பவரல்ல. "சி.ஏ. இன்டர்" என்று கேட்டு விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள் கோவையிலும் சென்னையிலும் ஏராளம். வரிக் கணக்குத் தாக்கல் செய்யவும், கம்பெனிக் கணக்கை நடத்தவும் தெரிந்த கைக்கு என்றும் வேலை உண்டு. வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக் கொண்டு, ஒவ்வொரு குரூப்பாக எழுதித் தேறியவர்களும் இருக்கிறார்கள். இத்தனை முறை, இத்தனை வருஷம் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக் கொள்வது, படிப்பவருக்கும் நல்லது. காசு கொடுப்பவருக்கும் நல்லது. அந்தப் பேச்சை முடிவு வந்த இரவில் வைத்துக் கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் விதி.

பதினாலரை நிமிஷம்

முடிவில் சந்தேகம் இருந்தால் சரிபார்க்க மனுப் போடலாம். மதிப்பிடாமல் விட்ட விடை ஏதேனும் உண்டா, கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். அதைவிடப் பிரயோஜனமானது, விடைத்தாளின் நகலைக் கட்டணம் செலுத்தி வாங்கிப் பார்ப்பது. பரீட்சை எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் வாங்கிப் பார்ப்பதற்கு நெஞ்சுத் துணிவு வேண்டும். தோற்ற சண்டையை மறுபடி பார்ப்பது போன்ற காரியம் அது.

ஈரோட்டுப் பெண் வாங்கினாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பாவும் மகளும் கூடத்து மேஜையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். அப்பாவுக்குத் தணிக்கைத் தாளின் இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது. ஆனால் பாதியில் நிற்கும் பக்கம் எது என்று பேரேடு எழுதிய கண்ணுக்குத் தெரியும்.

"இந்தப் பக்கம் ஏன் கண்ணு வெறுமையா இருக்குது?"

"நேரமாயிருச்சுங்கப்பா. மொதக் கேள்விய ரொம்ப நீட்டி எழுதிட்டேன். கடேசிக் கேள்விக்குத் தலைப்பு மட்டுந்தான் போட்டேன்."

"எத்தனை மார்க்குக் கேள்வி?"

"பதினாலு."

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். மூன்று மணி நேரம், 180 நிமிஷம். 100 மார்க். ஒரு மார்க்குக்கு ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குச் சற்று மேல். எட்டு மார்க்குக்குப் பதினாலரை நிமிஷம். தொகைக்குக் கீழே வழக்கம் போல இரண்டு கோடு போட்டார். ஒரு வாரமாக அந்த வீட்டில் மலையாக நின்ற குறை, காகிதத்தில் கால் மணி நேரமாகக் கிடந்தது.

மகள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு அடுத்த தாளின் நகலைத் திறந்தாள்.

மறுநாள் காலையில் அப்பா கடைக்குப் போகுமுன், கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவள் மேஜைக்கு எதிரே ஆணியடித்து மாட்டினார். அன்றிலிருந்து அம்மாவுக்கு மணி பார்க்க வேண்டுமானால், அடுக்களையிலிருந்து எழுந்து அந்த அறை வாசலுக்குத்தான் வர வேண்டியிருந்தது. எட்டிப் பார்ப்பார்; மணியை மட்டும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போவார்.